வாங்கோ அக்காவும் லீவில் போன ஆறும்

வன்னியில் சுற்றுலாவைப் பற்றிப் பேசுகிற அத்தனை பேரும் எங்கள் வாங்கோ அக்காவிடம் ஒரு கிழமை ரியூசன் எடுக்க வேண்டும். பஸ், உழவு இயந்திரம், வழி தவறிய மாடு, எது பாலத்தைக் கடந்து வந்தாலும் "வாங்கோ, வாங்கோ!" என்று கையசைப்பார். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

நெடுங்கேணிப் பக்கம், ஆற்றோரத்தில் எங்கள் சிறிய ஊர். சந்தியில் அக்காவின் தையல் கடை, எதிரே என் போட்டோக்கொப்பிக் கடை. புதிய வீதி ஊரைச் சுற்றிக்கொண்டு போன பிறகு சந்தி உறங்கிவிட்டது. முதலில் தேநீர்க் கடை மூடியது, பிறகு சலூன். நானும் வவுனியாவுக்குப் போவதென்று சாமான்களைக் கட்டத் தொடங்கினேன்.

"ஏன் தம்பி அவசரப்படுறீர்? சனம் வரும்."

"என்னத்தைப் பாக்க வரும்?"

"ஆத்தை."

"அக்கா, ஆத்தில தண்ணியே இல்லை!"

"அது லீவில போயிருக்கு. கார்த்திகையில வேலைக்கு வந்திடும்."

அடுத்த நாளே, வற்றிய ஆற்றின் நடுவில், மருத மர நிழலில், உட்காரக் கதிரைகளை வரிசையாக வைத்தார். தன்னுடையவை போதாமல் என்னுடையவற்றையும் எடுத்துக்கொண்டார். மேலே, சட்டை தைத்து மிஞ்சிய துண்டுகளால் எழுத்துகள் வெட்டித் தைத்த 'நல்வரவு' பதாகை.

பிரதேச சபையிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தார். "இதென்னம்மா, கலியாண வீடோ, செத்த வீடோ?"

"ரெண்டும் இல்லை ஐயா, ஆறு பாக்கிற இடம். இருந்து பாருங்கோ."

இறங்கி வந்து ஒரு கதிரையில் இருந்தார். எழும்பிப் போகும்போது, தான் எதற்காக அந்த ஊருக்கு வந்தார் என்று என்னிடம் கேட்டார்.

அதன் பிறகு பல நாட்கள் காகங்கள்தான் கதிரைகளில் கூட்டம் நடத்தின. ஊர் சிரித்தது. அக்கா காலையில் வந்து எச்சம் துடைத்துவிட்டுப் போவார்.

ஒரு மத்தியானம், முல்லைத்தீவுக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய தென்பகுதிப் பஸ் ஒன்று பழைய வீதிக்குள் தவறி வந்து, பாலத்தில் புகை கக்கி நின்றது. வெயிலில் இறங்கிய சனம் சாரதியைத் திட்டிக்கொண்டிருந்தது. அக்காவுக்குத் தெரிந்த சிங்களம் ஒரே ஒரு சொல். "என்ன! என்ன!" என்று கூவிக்கொண்டு ஓடினார். எங்களுக்கு அது கேள்வி. சிங்களத்தில் 'வாங்கோ' என்று பொருள்.

வந்தார்கள். அக்கா பனங்கட்டியோடு வெறுந்தேத்தண்ணி கொடுத்தார். கால்களை வெண்மணலுக்குள் புதைத்தார்கள், உள்ளே குளிர்ந்தது. கிளைகளுக்கு மேலே எங்கோ காற்று நடந்தது. தும்பிகள் அந்தரத்தில் நின்றன. திட்டிக்கொண்டிருந்தவர்களின் குரல் தணிந்து, பிறகு ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. பஸ் சரியாகி ஹோர்ன் அடித்தபோது ஒருவரும் எழும்பவில்லை. கூப்பிட வந்த சாரதியும் ஒரு கதிரையில் இருந்தார், அவரையும் இழந்தோம். அத்தனை பேரின் மூச்சும் சேர்ந்து கேட்க, ஆறு மெல்ல ஓடத் தொடங்கியது போல எனக்கு இருந்தது.

அவர்களில் சிலர் மறுபடி வந்தார்கள், தங்கள் சனத்தையும் கூட்டிக்கொண்டு. மழை வந்து ஆறு நிறைந்தபோது கதிரைகள் கரையேறின. சனம் கரையிலும் இருந்தது. தேநீர்க் கடை திறந்தது. ஒருத்தி தயிர்ச் சட்டிகளோடு வந்து குந்தினாள். நான் கட்டிய சாமான்களை அவிழ்த்தேன்.

போன மாதம் அக்கா காய்ச்சலோடு வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்தார். போய்ப் பார்த்தேன். அதற்குள் வார்ட் முழுவதையும் ஊருக்கு அழைத்து முடித்திருந்தார்.

"கடையைப் பூட்டிப்போட்டு ஏன் தம்பி வந்தனீர்?"

"மிசினுக்கு மை வாங்க வந்தனான் அக்கா. அப்பிடியே எட்டிப் பாத்தன்."

"வாங்கியாச்சோ?"

"ஓம்" என்றேன்.

மைக்கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அன்றைக்கு எனக்கு நினைவில்லை.