அழித்த பதிவுகளும் அண்ணாவின் பட்டு வேட்டியும்

நிறைய வாசித்தால் அறிவு வளரும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லா ரீச்சர்மாரும் சொன்னார்கள். நானும் நம்பி வாசித்தேன். அப்படி வளர்ந்த அறிவைக் கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த சொந்த அண்ணனுக்குப் பட்டு வேட்டி கட்டிவிட்டு நேரே இராணுவச் சோதனைச் சாவடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு மேல்மாடி வீட்டில் நானும் சித்தியும் வாடகைக்கு இருந்தோம். எனக்குப் பம்பலப்பிட்டியில் ஒரு கப்பல் கொம்பனியில் வேலை. (கப்பலை நான் கண்ணால் கண்டதில்லை. கப்பல் வந்துவிட்டது என்று ஆட்களுக்குக் கடிதம் அடிப்பதுதான் வேலை.) அதைப் பதினொரு மணிக்குள் முடித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் வலைப்பதிவுகள் வாசிப்பேன்.

அது ஒரு வருத்தம், தீராத நோய் என்றே சொல்லலாம். முதலில் பிடித்த பதிவர்களின் முகவரிகளைக் கொப்பியில் எழுதிவைத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். புதிதாக ஒன்றும் இல்லாவிட்டால், வரச் சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் மேல் வருகிற கோபம் வரும். பிறகு திரட்டிகள் கிடைத்தன. யார் எழுதினாலும் தலைப்பு முன்பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் இரண்டு மணித்தியாலம் கவனிக்காமல் விட்டால் காதல் கவிதைகள் வரிசையாக வந்து நல்ல பதிவைக் கீழே தள்ளிவிடும். மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன். பெட்டி நிறைந்து, உண்மையான கப்பல் ஒன்று வந்த செய்தி எனக்குக் கிடைக்காமல் போய், மனேஜரிடம் ஏச்சு வாங்கினேன். கடைசியில்தான் ரீடர் என்ற அற்புதத்தைக் கண்டுபிடித்தேன். பிடித்த வலைப்பதிவுகளின் முகவரியை ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும். யார் என்ன எழுதினாலும் அது தானாகப் போய் ஒரு பிரதி எடுத்துவந்து வைத்துவிடும், வீட்டுக்குப் பேப்பர் போடுகிறவரைப் போல. எழுதியவர் பிறகு மனம் மாறித் தன் பக்கத்திலிருந்து அழித்தாலும், நம்மிடம் வந்து சேர்ந்த பிரதி அழியாது. இந்தக் கடைசி விஷயம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ரீடரில் நான் சேர்த்துவைத்த நாற்பத்தொரு வலைப்பதிவுகளில் எனக்கு உயிரானது 'உப்புக் காற்று'. எழுதுபவருக்குப் பெயர் கிடையாது, படம் கிடையாது. ஒரு ஜன்னல், ஒரு ஒழுங்கை, தண்டவாளம், கடல் என்று நாலைந்து பந்திதான் எழுதுவார். ஆளில்லாத மத்தியானத்தில் ரயில் போனபிறகு ஒழுங்கை எப்படி மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று ஒருமுறை எழுதியிருந்தார். அலுவலகத்தில் இருந்த எனக்கே குளிர்ந்தது. வெள்ளவத்தை ஒழுங்கைகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் இவர் எங்கள் பக்கத்து ஆள்தான் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். பெயரில்லாமல் பின்னூட்டமும் போடுவேன். "அருமை. தொடருங்கள்." (என் இலக்கிய விமர்சனம் அந்தளவில்தான் இருந்தது.)

இதற்குச் சில மாதங்கள் முன்புதான் அண்ணா கனடா விசாவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கினார். வடக்கிலிருந்து வருகிறவர்கள் பொலிஸில் பதிய வேண்டும். அண்ணாவின் பதிவுத் துண்டு காலாவதியாகி ஐந்து வாரமாகிவிட்டது. தன்னுடைய துண்டைப் புதுப்பிக்கப் போன பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் போன உடுப்போடு உள்ளேயே இருந்தார். எனவே விசா வரும்வரை அண்ணா வாசற்படி தாண்டக் கூடாது என்று முடிவெடுத்தோம். நான் இன்னும் ஒருபடி மேலே போய், "இந்த வீட்டிலயிருந்து ஒரு எழுத்தும் வெளியில போகக்கூடாது, கடிதமும் வேண்டாம், ஃபோனும் வேண்டாம்" என்று சட்டம் போட்டேன். அண்ணா "ஓம்" என்றார். அவர் ஒரு நாளைக்கு மூன்று சொல்தான் பேசுவார்: ஓம், இல்லை, காணும். அதில் 'காணும்' என்றால் போதும், அது சோறு போடும்போது. பகல் முழுக்க, சித்தியின் மகன் லண்டன் போகும்போது இணையத் தொடர்போடு விட்டுச்சென்ற கணினியில் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பார் என்று நாங்கள் நம்பினோம்.

ஒருநாள் அலுவலகத்தில் ரீடரைத் திறந்தேன். உப்புக் காற்றில் புதுப் பதிவு.

"இன்றும் பச்சைக் குடை எட்டு மணிக்கு முன்பே இறங்கிவிட்டது. இடது செருப்பின் வாரில் ஊசி குத்தியிருக்கிறது. சந்தியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்க்கும். எதற்கென்று அதற்கே தெரியாது."

மேசைக்குக் கீழே மெதுவாகக் குனிந்து பார்த்தேன். இடது செருப்பு. ஊசி. பக்கத்தில் என் பச்சைக் குடை.

பின்னூட்டம் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்க அவருடைய பக்கத்துக்குப் போனேன். அந்தப் பதிவு அங்கே இல்லை. நீங்கள் தேடும் பக்கம் கிடைக்கவில்லை என்று வந்தது. ரீடருக்குத் திரும்பினேன், இருந்தது. பக்கத்துக்குப் போனேன், இல்லை. உலகத்தில் யாருக்கும் தெரியாத அந்த நாலு வரி எனக்கு மட்டும் தெரிந்தது.

அடுத்த நாள் செருப்பை மாற்றினேன், குடையை வீட்டில் விட்டேன். பின்னேரம் நல்ல மழை. தெப்பமாக நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் ரீடரில்: "நேற்றுக் குடை இல்லை. நனைந்துகொண்டு வந்தது. குடையை விட்டால் நடை மாறிவிடுமா?" பக்கத்தில் போய்ப் பார்த்தால் மறுபடி இல்லை.

எங்கள் வீட்டுக்கு எதிரே வெளிநாட்டில் இருக்கும் ஒருவருடைய பூட்டிய வீடு இருந்தது. அதன் மேல் ஜன்னலில் ஒரு பழைய திரை. இவ்வளவு காலமும் அது திரை. அன்றிலிருந்து அதற்குப் பின்னால் ஒரு ஆள் நின்றார். காற்றில்லாத நேரத்திலும் அது அசைவதை நான் பார்த்தேன். (சத்தியமாகப் பார்த்தேன். சித்தி பார்க்கும்போது மட்டும் அசையாது.) அவர் புலனாய்வுக்காரர் என்பதிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. எங்களைப் பயமுறுத்திப் பார்க்கிறார், நாங்கள் என்ன செய்கிறோம் என்று கவனிக்கிறார்.

பிறகு மூன்றாவது பதிவு வந்தது.

"பச்சைக் குடை வீட்டில் மூன்று பேர். இரண்டு பேர்தான் வெளியே வருகிறார்கள். மூன்றாவது ஆளைப் பற்றி நான் எழுதக்கூடாது."

சித்தியிடம் சொன்னேன். சித்தி அரிசி கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆரோ பாக்கிறான் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எழுதியிருக்கு சித்தி."

"எங்க, காட்டு பாப்பம்."

"அது அழிஞ்சு போச்சு. எனக்கு மட்டும்தான் தெரியும்."

சித்தி அரிசியை விட்டுவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். ஆனால் மூன்று பேர் என்ற கணக்கைச் சொன்னதும் அவருடைய முகமும் வெளிறிவிட்டது. அண்ணாவிடம் ஒன்றும் சொல்வதில்லை, மனுசன் பயந்துபோவார் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை நான்காவது வந்தது. ஒரே வரி. "ஆறு மணிக்குள் அவள் வராவிட்டால் என்ன செய்வதென்று யோசித்து வைத்திருக்கிறேன்."

அதோடு முடிவெடுத்தோம். அண்ணாவைக் கொட்டாஞ்சேனைக்கு மாற்றுவது. அங்கே தேவாலயத்துக்குப் பக்கத்தில் சித்தியின் சிநேகிதி மேரி அன்ரி இருந்தார். மேலே வீடு, கீழே ஃபோனும் இணையமும் உள்ள அவருடைய கொம்யூனிகேஷன் கடை. பையோடு ஒரு யாழ்ப்பாணத்து இளம் ஆண் ஓட்டோவில் போனால் கட்டாயம் மறிப்பார்கள். "கலியாண வீட்டுக்குப் போற ஆக்களை ஆர் மறிக்கப்போகினம்?" என்றார் சித்தி. பெட்டியில் இருந்த சித்தப்பாவின் பட்டு வேட்டியும் சால்வையும் அண்ணாவுக்கு. சித்தியின் சிவப்புக் கூறைச் சேலை எனக்கு. அண்ணாவின் உடுப்புகளை ஒரு பெரிய தட்டில் அடுக்கி, மேலே பட்டுத்துணி போட்டு, வெற்றிலையும் தேங்காயும் வைத்தோம்.

"ஏன்?" என்று கேட்டார் அண்ணா. அது அன்றைய நான்காவது சொல்.

"சும்மா, கொஞ்ச நாளைக்கு" என்றேன். அவர் ஜன்னலை ஒருமுறை பார்த்தார், வேட்டியைக் கட்டினார்.

காலி வீதியில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். ஓட்டோவுக்குள் குனிந்து பார்த்த சிப்பாய்க்கு அண்ணாவின் வயதுதான் இருக்கும். அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டு அண்ணாவிடம் சிங்களத்தில் கேட்டார்: "பொலிஸ் பதிவு?"

அண்ணாவுக்குச் சிங்களம் தெரியாது. எனக்குத் தெரிந்த சிங்களம் கடையில் தக்காளி வாங்குகிற அளவு. சித்தி கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டார். சிப்பாய் பட்டு வேட்டியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கடைசியில் என் கூறைச் சேலையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளையா?"

நான் வேகமாகத் தலையாட்டினேன்.

"பொம்பிளை நீங்களா, நங்கி?"

தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே நான்தான் மணப்பெண்ணா என்று கேட்கிறார். அதற்கும் தலையாட்டினேன். ஆட்டத் தொடங்கிய தலையை நிறுத்த முடியவில்லை.

அவர் இரண்டு அட்டைகளையும் மறுபடி பார்த்தார். "இரண்டு பேருக்கும் ஒரே தகப்பன் பெயர்."

"எங்கட ஆக்களில அப்பிடித்தான்" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில். "கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முதலே பொம்பிளையின்ர பேரை மாத்திவிடுவோம்."

சிப்பாய் நம்பினாரா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அட்டைகளைத் திருப்பித் தந்தார். பிறகு, "நெகத எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். நெகத என்றால் அவர்களுடைய சுபநேரம். அதைத் தவறவிடுவது அவர்களுக்குப் பெரிய பாவம்.

"பத்து நாற்பத்திரண்டு."

கடிகாரத்தைப் பார்த்தார். துள்ளி விலகினார். "போங்க, போங்க, நேரம் போய்விடும்!" அண்ணாவின் தோளில் தட்டி வாழ்த்தும் சொன்னார்.

அண்ணாவை மேரி அன்ரியிடம் விட்டுவிட்டு வந்து அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். திங்கட்கிழமை காலை ரீடரைத் திறந்தேன்.

"புது இடம். இங்கே கடல் கேட்பதில்லை, தேவாலய மணி கேட்கிறது. பச்சைக் குடை இந்தப் பக்கம் வராது."

பின்னாலேயே வந்துவிட்டான்! தேவாலய மணி என்று இடத்தையும் சொல்லிவிட்டான்! மனேஜரிடம் வயிற்றுக்குத்து என்று சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்தேன். அதே சாவடி. அதே சிப்பாய். என்னைத் தனியாகக் கண்டதும் அவருடைய முகம் வாடிவிட்டது.

"நங்கி, மாப்பிள்ளை எங்கே? ஒரு நாளிலேயா?"

நான் அழுதுவிட்டேன். அவர் அடையாள அட்டையைக்கூடக் கேட்கவில்லை. (அந்த நெகதவில் ஏதோ பிழை என்று நினைத்திருப்பார்.)

கடைக்குள் ஓடினேன். மூலையில் இருந்த கணினிக்கு முன்னால் அண்ணா முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

"அண்ணா, எழும்புங்கோ! அவன் இஞ்சயும் வந்திட்டான்!"

"ஆர்?"

"இவன்தான்!" என்று திரையைக் காட்டினேன். திரையில் உப்புக் காற்று திறந்திருந்தது. அதன் உள்பக்கம், எழுதுகிறவருக்கு மட்டும் திறக்கிற பக்கம். பாதி எழுதிய ஒரு வரியின் முனையில் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னியது.

என் கை நீட்டியபடி நின்றது. அண்ணா மெதுவாகத் திரும்பினார். என்னுடைய இருபத்தொன்பது வருட வாழ்க்கையில் என்னிடம் அவர் கேட்ட மிக நீண்ட கேள்வி அப்போதுதான் வந்தது.

"நீ இதை வாசிக்கிறனியோ? எது பிடிச்சது?"

அவரைக் கொல்லலாம் போலிருந்தது. எதிர்வீட்டுத் திரை, புலனாய்வு, முருகன், கூறைச் சேலை எல்லாவற்றையும் மேரி அன்ரியின் வாடிக்கையாளர்களுக்கு முன்னாலேயே கொட்டித் தீர்த்தேன். எங்களைப் பற்றி எழுதுகிறதை மட்டும் அண்ணா பயத்தில் பத்து நிமிடத்துக்குள் அழித்துவிடுவாராம். அதற்குள் என் ரீடர் வந்து பிரதி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"ஆறு மணிக்குள்ள வராட்டி என்ன செய்யிறதெண்டு யோசிச்சு வைச்சிருக்கிறன் எண்டு எழுதினது நீங்களோ?"

"ஓம்."

"என்ன யோசிச்சு வைச்சனீங்கள்?"

அண்ணா தரையைப் பார்த்தார். "உன்னைத் தேடிக்கொண்டு வெளிக்கிட. செருப்பைக் கதவடியில எடுத்து வைச்சிருப்பன். நீ சந்தியில திரும்பினாப் பிறகுதான் உள்ளுக்கு வைக்கிறனான்."

பதிவுத் துண்டு இல்லாமல், சிங்களம் தெரியாமல், அந்த மனிதர் ஒவ்வொரு பின்னேரமும் அந்தச் சாவடிக்குத் தனியாக நடக்கத் தயாராக இருந்திருக்கிறார். நான் என்ன செய்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடை நடுவில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். அவரைக் கையால் பிடித்துக் கொடுத்திருப்பேனே என்று சொல்லிச் சொல்லி அழுதேன். அண்ணா எழும்பித் தன் கதிரையை எனக்குத் தந்தார்.

இரண்டு மாதத்தில் விசா வந்தது. ரொறன்ரோவில் சில வருடங்களுக்குப் பிறகு அவருக்குக் கலியாணம் நடந்தது. மணவறையிலேயே பெண்ணின் தகப்பனாருக்கு என்னை அறிமுகப்படுத்தி, "இவதான் என்ர முதல் பொம்பிளை" என்றார். அந்த மனிதருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. (மூன்று சொல்லோடு நிறுத்தியிருக்கலாம்.) அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எனக்கு அந்தப் பெயர்தான், அண்ணாவின் பிள்ளைகளும் அப்படியே கூப்பிடுகிறார்கள். அண்ணி சண்டை பிடிக்கும்போதெல்லாம், "உங்கட முதல் பொம்பிளையிட்டயே போங்கோ" என்கிறார். அண்ணா உடனே எனக்கு ஃபோன் எடுக்கிறார். மூச்சு மட்டும் கேட்கும். "வீட்டுக்கு வந்திட்டியோ?" என்று கடைசியில் கேட்பார். "வந்திட்டன் அண்ணா" என்று சொல்வேன். அலுவலகத்தில் இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.