ஷிஃப்ட்டுக்கு ஓர் ஆள்

ஒரே கட்டிலில் ஒன்பது பேராகத் தூங்கிய பெண் உலகத்திலேயே எங்கள் ட்ரையல் ஒருத்திதான். சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்பதும் அவளேதான்!

சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலில் எனக்கு மேல் கட்டில் அவளுடையது. நான் சங்கரன்கோவில் பக்கம், அவள் முதுகுளத்தூர் பக்கம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு போன் கம்பெனி வேலைக்கு வந்தவள். எங்கள் லைனில் புது மாடல் வந்தால், முதலில் நாலைந்து பீஸ் செய்து பார்ப்பார்கள். அதற்கு ட்ரையல் என்று பெயர். இவளுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவருக்குக் கோயிலே கட்டலாம்.

எங்களுக்கு வாரம் ஒரு ஷிஃப்ட். ஷிஃப்ட் மாறினால் மற்றவர்களுக்குத் தூக்கம் மாறும், இவளுக்கோ ஆளே மாறிவிடும்.

ஒரு வாரம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டான ஆள். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி ஐடி கார்டு கேட்டதற்கு, “மொதல்ல ஒங்க கார்டக் காட்டுங்க” என்றாள். அந்த மனிதரும் பயந்துபோய் எடுத்துக் காட்டிவிட்டார்! அடுத்த வாரம் பேச்சே கிடையாது. சாம்பாருக்கு ஒரு விரல், ரசத்துக்கு இரண்டு விரல். அதற்கடுத்த வாரம் பக்தி. வெள்ளிக்கிழமை அம்மன் கோயில், ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெரு சர்ச், இரண்டு இடத்திலும் தாரை தாரையாகக் கண்ணீர். உள்ளூர்க்காரரான வார்டன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா இது, வாராவாரம் புதுசா ஒரு பொண்ணு வந்துகினு கீது! நான் யாருக்குன்னு சோறு போடறது?”

கேலி செய்தோமே தவிர, திங்கட்கிழமை வந்தால் மொத்த ஹாஸ்டலும் மாடிப்படிக்குக் கீழே நிற்கும், இன்று யார் இறங்கி வருகிறாள் என்று பார்க்க. லைனில் எல்லோருக்கும் ஒரே கோட்டு, ஒரே தொப்பி, ஒரே மாஸ்க். கண்ணைத் தவிர ஒன்றும் வெளியே தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி இத்தனை பேராக இருந்தால் கொண்டாட்டமாக இருக்காதா?

வம்பு வந்தது மெட்ராஸ் பாஷை வாரத்தில். வார்டன் அம்மாவின் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஊரிலிருந்து அவள் அம்மா போன் செய்தபோது, எடுத்த எடுப்பில், “இன்னாம்மா, துன்னியா? நைனா வூட்ல கீறாரா?” என்றாள்.

ராங் நம்பர் என்று அம்மா வைத்துவிட்டார். மறுபடி போட்டார். மறுபடியும் அதே குரல், அதே நைனா. அடுத்த முறை அம்மாவின் அழுகைதான் கேட்டது. பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து பார்ப்பார், பழைய மகளாக இல்லையென்றால் கையோடு ஊருக்குக் கூட்டிப் போய்விடுவார் என்று முடிவாகிவிட்டது.

ட்ரையலின் முகம் செத்துவிட்டது. “யக்கா, நான் போக மாட்டேன்க்கா. போனா அவ்வளவுதான், அங்கனயே கெடக்கணும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் விடுவோமா? பழைய மகளையே தயார் செய்து நிறுத்திவிடுவது என்று அறையில் ஒத்திகையை ஆரம்பித்தோம். அப்போதுதான் சிக்கல் புரிந்தது. பழைய மகளை எங்களில் ஒருத்தியும் பார்த்ததே இல்லை!

“ஏட்டி, ஊர்ல நீ எப்படிட்டி இருப்ப?” என்று கேட்டேன்.

“தெரியலக்கா. அம்மா சொல்றபடி இருப்பேன்.”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நானும் ஊரில் அப்படித்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். ட்ரையல் தலை நிறைய எண்ணெய் வைத்து, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒத்திகைப்படி எதைக் கேட்டாலும் ‘சரிப்பா’. அப்பா முகம் மலர்ந்தது. நாங்கள் கதவுக்குப் பின்னால் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டோம்.

“நல்ல புள்ளையாத்தானே இருக்க! கெட்டுப் போறதுக்குள்ள கெளம்புத்தா, ஊருக்குப் போயிருவோம்.”

“சரிப்பா.”

பழகிய வாய், சொல்லியேவிட்டது! அப்பா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ட்ரையல் மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

“இல்லப்பா. நான் வரல.”

அது ஸ்ட்ரிக்ட் வாரத்துக் குரல் இல்லை, மெட்ராஸ் வாரத்துக் குரலும் இல்லை. நாங்கள் கேட்டே இராத குரல். நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

“நான் எப்படிப்பட்டவளுன்னு நானே இன்னும் பாத்து முடிக்கலப்பா. இங்கனதான் பாக்க முடியுது.”

அப்பா திகைத்துப்போய், பக்கத்தில் நின்ற வார்டன் அம்மாவைப் பார்த்தார்.

“பயப்படாத சார். எத்தினி பேரா மாறினாலும், அத்தினியும் நல்ல பொண்ணுதான்” என்றார் வார்டன் அம்மா.

அப்பா தலையைச் சொறிந்தார். பையைக் கீழே வைத்தார். “சரித்தா. பாத்து முடிச்சதும் ஒரு போன் பண்ணு. ஒங்கம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?”

நாங்கள் போட்ட கூச்சலில் எதிர் டீக்கடைக்காரர் கரண்டியோடு ஓடிவந்துவிட்டார்.

இப்போது அவள் ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் லைன் லீடர். போன் வந்தால், தெரிந்துகொண்டே “யாரு?” என்று கேட்பேன்.

“நான்தான்க்கா” என்பாள்.

எந்தக் கூட்டத்திலும் அந்தக் குரலை எனக்கு அடையாளம் தெரியும். அது முதன்முதலாக வெளியே வந்த அன்று, நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன்.