யூரிமுக்கு வடக்கு ஆகாது

இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். இத்தனை வருட இல்லறத்தில் இது என் இரண்டாவது தீர்மானம். முதலாவது, கல்யாணம் செய்துகொள்வது. அதுவும் அவள் எடுத்த தீர்மானம்தான் என்று பின்னால் தெரிந்தது.

மகள் யூரிமுக்கு இரண்டு கல்லூரிகளில் கணினிப் பொறியியல் கிடைத்திருந்தது. ஒன்று இங்கே தேகு நகரத்திலேயே, வாசலில் பஸ் ஏறினால் போதும். இன்னொன்று வடக்கே, தலைநகர் சியோலில். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றில் சேர்ந்தாக வேண்டும்.

இந்த வீட்டில் எனக்கு ஓட்டுப் போடும் ஒரே ஆள் யூரிம். அவளும் போய்விட்டால் நான் ஓர் ஆள் எதிர்க்கட்சி.

"ரெண்டு இடத்துலயும் அதே கம்ப்யூட்டர்தானே" என்றேன், சாப்பிடும்போது.

"ரெண்டு வீட்லயும் அதே அடுப்புதான். உங்கம்மா சமையலும் என் சமையலும் ஒண்ணா?" என்றாள் மனைவி.

எப்படிப் பதில் சொன்னாலும் ஆபத்து. கிம்ச்சி ஊறுகாயை மென்றேன்.

"யூரிம், நீ சொல்லும்மா."

"சியோல்ப்பா. அங்க ரோபோ லேப் இருக்கு."

"இங்க அப்பா இருக்கேன்."

"அதான் சொல்றேன்" என்றாள் யூரிம்.

என் ஓட்டு போயிற்று.

"சண்டை வேணாம். நாளைக்கு பே அம்மாகிட்ட கேட்டுட்டு வந்துடறேன்" என்றாள் மனைவி.

பே அம்மாள் சந்தைக்குப் பின்னால் பிறந்த நேரம் பார்த்துப் பலன் சொல்பவர். சேர்க்கைக் காலத்தில் அவர் வாசலில் நிற்கும் அம்மாக்களின் வரிசையைப் பார்த்தால் கல்லூரிகளுக்கே பொறாமை வரும். அவர் சொல்லை என் மனைவி தட்டியதில்லை. என் சொல்லைத் தட்டிப் பழகிய கைக்கு அங்கே ஓய்வு.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவளுக்கு முன்பாகவே பே அம்மாள் வீட்டில் போய் நின்றேன். கையில் சிவப்பு ஜின்செங் பெட்டி; விலை உயர்ந்த மூலிகை வேர்.

"என் சம்சாரம் வருவாங்க. பொண்ணு வடக்கே தனியாப் போனா ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா."

"ஜாதகத்துல இருக்கறதைத்தான் நான் சொல்வேன்."

பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். திறந்து முகர்ந்தார்.

"ஆறு வருஷ வேரா?"

"ஆறு வருஷம்."

"வடக்கு கொஞ்சம் மோசமாத்தான் தெரியுது. தனியாப் போனா ஆகாது. அவ்வளவுதானே?"

"ஒரு எழுத்து மாத்தாம சொல்லிடுங்க."

சாயங்காலம் மனைவி முகம் வாடி வந்தாள். கூடவே யூரிம், உதட்டைக் கடித்துக்கொண்டு.

"என்ன சொன்னாங்க?" என்றேன், ஒன்றும் தெரியாதவனாக.

"ஜின்செங் டீ குடுத்தாங்க. நல்ல வேரு."

"அது கிடக்கட்டும், பலன்?" என்றேன்.

"யூரிம் வடக்கே தனியாப் போனா ஆகாதாம்."

"மனசைத் தேத்திக்கம்மா யூரிம். பெரியவங்க சொன்னாக் கேட்டுக்கணும்."

"கேட்டுத்தானே ஆகணும்கறீங்க?" என்றாள் மனைவி.

"பின்னே?"

"எனக்கும் அதேதாங்க தோணுச்சு. அதனால அவகூட நானும் போறேன். காலேஜ் பக்கத்துல ரூம் சொல்லியாச்சு. மத்தியானமே ஆன்லைன்ல சேர்ந்தும் முடிச்சாச்சு."

"எத்தனை நாளைக்கு?"

"படிப்பு முடியணுமில்ல."

ஒன்றே ஒன்று கேட்டேன்.

"சோறாக்கற குக்கரையாவது விட்டுட்டுப் போவியா?"

"அதையும் கேட்டுட்டேங்க. அதுக்கும் வடக்குதான் ராசியாம்."