டிஸ்க்குக்கு வெச்ச பொட்டு

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. காரோட முன் சக்கரத்துக்கு பிரேக் பேடும் டிஸ்க்கும் வாங்கி மாத்தணும்.

அவ்வளவுதான். கள்ளக்குறிச்சியில தினமும் யாராவது ஒருத்தர் செய்யுற வேலை. என் கையில சிக்கினதால அது கதையாயிடுச்சு.

நான் ஜவ்வரிசி ஆலையில ராத்திரி ஷிப்டு. வூட்டுக்காரி செல்வி கல்வராயன் மலைமேல கரியாலூர்ல நர்ஸு. காலையில நான் வேலை முடிச்சு வந்ததும் அவளை மலைமேல கொண்டுபோயி வுடுவேன். சாயங்காலம் போயி கூட்டிக்கினு வந்துட்டு, நான் ஆலைக்குக் கிளம்பிடுவேன். நாங்க புருஷன் பொண்டாட்டியா பேசிக்கிற ஒரே இடம் அந்தப் பழைய கார்தான். சண்டை போடுறதும் அதுக்குள்ளதான். வூட்ல சண்டை போட நேரம் ஏது?

அந்தக் கார் கொஞ்ச நாளா மலை இறங்கும்போது கத்த ஆரம்பிச்சுது. சாதாரணக் கத்தல் இல்ல. கழுத்தறுக்குற ஆட்டோட கத்தல். பெடல மிதிச்சா கால் உதறும். ஒவ்வொரு வளைவுலயும் செல்வி கண்ண மூடிக்குவா.

ஒரு நாள் கண்ண மூடிக்கினே சொன்னா: "ஏங்க, மேல குவாட்டர்ஸ் ஒண்ணு காலியா இருக்குது. நான் அங்கியே தங்கிடறேன். ஞாயித்துக்கிழமைக்கு பஸ் புடிச்சி வூட்டுக்கு வந்துட்டுப் போறேன்."

"எதுக்கு இப்ப?"

"உசுரோட இருக்கலாமேன்னுதான். திங்கக்கிழமை எழுதிக் குடுக்கப் போறேன். அதுக்குள்ள வண்டி சரியாச்சுன்னா பாக்கலாம்."

சிரிச்சிக்கினேதான் சொன்னா. எனக்குத்தான் அன்னிக்கு ராத்திரி மெஷின்ல விழற ஜவ்வரிசி ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல. அவ மேல போயிட்டா, வாரம் பூரா நான் செவுத்தோடதான் பேசணும். செவுரு கூட அவ்ளோ பொறுமையா கேக்காது.

சரி, பிரேக்க மாத்திடலாம். ஆனா நாம யாரு? பத்தாவதுல கோட்டை வுட்டாலும், அப்புறம் எல்லாத்தையும் போன்லயே படிச்ச மேதாவி! மெஷின் பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்கு வீடியோ பாப்பேன். செராமிக் பேடா, உலோகம் கலந்த பேடா? ஓட்டை போட்ட டிஸ்க்கா, கோடு போட்ட டிஸ்க்கா, சும்மா டிஸ்க்கா? எவனோ ஒரு வெள்ளைக்காரன் பனியில காரை நிறுத்திக் காட்டுறான். கல்வராயன் மலையில பனி எங்க பெய்யுதுன்னு நான் யோசிக்கல.

ஒண்ணு மட்டும் மனசுல நல்லா பதிஞ்சுது. சக்கரத்தோட சுத்துற டிஸ்க்கை பேடு கவ்விப் புடிச்சாத்தான் வண்டி நிக்கும்; அதனால டிஸ்க்குல, பேடுல ஒரு சொட்டு எண்ணெய் படக்கூடாது. விரல் ரேகை கூட ஆகாது!

சனிக்கிழமை காலையில செல்விய மேல வுட்டுட்டு நேரா சேலம் ரோட்டுல இருக்குற ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். போயி ஆரம்பிச்சேன்: செராமிக்னா தூசி கம்மி, உலோகம்னா சூடு தாங்கும், ஆனா சத்தம் ஜாஸ்தி...

கடைக்காரர் கன்னத்துல கை வெச்சிக்கினு கேட்டார். முடிச்சதும், "எல்லாம் சரிங்க. இன்னா வண்டி?"

அத நான் சொல்லவே இல்ல.

சொன்னேன். "ஓட்டை போட்ட டிஸ்க் இருக்குதா?"

"இட்லித் தட்டு வேணும்னா எதுத்தாப்புல பாத்திரக்கடை."

"இல்லீங்க, சூடு சீக்கிரம் ஆறும்னு..."

"எங்க ஓட்டுறீங்க? ரேஸுலியா?"

"கரியாலூருக்கு."

"அதுக்கு கம்பெனி டிஸ்க்கும் கம்பெனி பேடும் போதும். ரெண்டையும் சேத்தே மாத்துங்க. தேஞ்ச டிஸ்க்குல புது பேட போட்டா மறுபடியும் உதறும். அவ்ளோதான் விஷயம்."

நான் அத்தனை ராத்திரி படிச்சதை, அந்த மனுஷன் ஒரு பேச்சுல முடிச்சிட்டார். வாங்கிக்கினு வூட்டுக்கு வந்தேன்.

ஏன் நேரா மெக்கானிக்கிட்ட போகலன்னு கேக்குறீங்களா? செல்வி காலையில கார்லருந்து இறங்கும்போதே சொல்லியிருந்தா: "புது சாமானை அப்படியே மாட்டிடாதீங்க. மலை ஏறுற வண்டி. சாமி முன்னாடி வெச்சி, ஒரு பொட்டு வெச்சி எடுத்துக்கினு போங்க."

நம்ம ஊர்ல எதுக்குத்தான் பொட்டு வெக்கல? மோட்டாருக்கு வெப்போம், டிராக்டருக்கு வெப்போம், புது மிக்ஸிக்கு வெப்போம். பிரேக் இன்னா பாவம் பண்ணுச்சு?

முதல்ல வீடியோல சொன்ன மாதிரி, துரு புடிக்காம இருக்க கம்பெனிக்காரன் டிஸ்க்குல தடவியிருந்த எண்ணெய்ய ஸ்பிரே அடிச்சி, வேட்டித் துணியால தேய் தேய்னு தேய்ச்சேன். முகம் பாக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு! ரெண்டு டிஸ்க்கையும் பேடுங்களையும் வாழையிலையில அடுக்கி சாமி முன்னாடி வெச்சேன். குங்குமத்தைத் தண்ணியில கொழச்சி பொட்டு வெச்சேன்.

நிக்கல. பளபளன்னு இருக்குற இரும்பாச்சே, வழிஞ்சி ஓடுது. அழுது கரைஞ்ச மாதிரி அசிங்கமா இருந்துச்சு. துடைச்சிட்டு மறுபடியும் வெச்சேன். மறுபடியும் வழிஞ்சுது. சகுனம் சரியில்லையேன்னு மனசு அடிச்சிக்கிச்சு.

விளக்குப் பக்கத்துல கிண்ணி இருந்துச்சு. அதுலருந்து கொஞ்சம் ஊத்திக் கொழச்சேன். அப்புறம் பாக்கணுமே! கும்முனு ஒட்டிக்கிச்சு. டிஸ்க்குக்கு ரெண்டு பக்கமும் வெச்சேன். பேடு ஒவ்வொண்ணுக்கும் நட்ட நடுவுல, பெத்த புள்ளைக்கு வெக்கிற மாதிரி பெருசா ஒண்ணு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு.

கிண்ணியில இருந்தது நல்லெண்ணெய். அத நான் யோசிச்சேனா? கை யோசிச்சுது. காலங்காலமா விளக்கேத்துற கை.

மெக்கானிக் ரஃபீக் பாய் எனக்குப் பழக்கம். பொட்டலத்தைக் கையில குடுக்கும்போதே வாத்தியார் மாதிரி சொன்னேன்: "பாய், இதுல உங்க எண்ணெய்க் கை படக்கூடாது. துடைக்காதீங்க. நானே சுத்தம் பண்ணிட்டேன்."

பாய் பிரிச்சிப் பாத்தார். பொட்டைப் பாத்தார். என்னைப் பாத்தார்.

"இன்னாண்ணே, நிச்சயதார்த்தமா?"

"மாட்டுங்க பாய்."

பழைய துணியால கையைத் துடைச்சிக்கினு, ஓரத்தைப் புடிச்சி மாட்டினார். முடிச்சதும், "சாவியக் குடுங்க, ஒரு ரவுண்டு பாத்துட்டுத் தரேன்"ன்னார்.

"வேணாம் பாய். புது பேட டிஸ்க்கோட பழக்குறதுக்கு ஒரு முறை இருக்குது. நான் பாத்துக்கறேன்."

பாய் கும்பிடு போட்டார்.

ஊருக்குள்ள பிரேக் கொஞ்சம் வழுக்கலாத்தான் இருந்துச்சு. 'புதுசு, இன்னும் பழகல'ன்னு எனக்கு நானே பாடம் சொல்லிக்கினேன். சாயங்காலம் செல்வியக் கூட்டிக்கினு வரக் கிளம்பினேன். மலை ஏறும்போது பிரேக்குக்கு இன்னா வேலை? ஜம்முனு ஏறிட்டேன்.

செல்வி ஏறி உக்காந்தா. "மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு. இனிமே சத்தமே வராது பாரு."

உண்மைதான். சத்தம் வரவே இல்ல. முதல் இறக்கத்துல மிதிச்சேன், சத்தமும் இல்ல, பிரேக்கும் இல்ல! பெடல் கல்லு மாதிரி நிக்குது, வண்டி பாட்டுக்குப் போவுது. ரெண்டு காலாலயும் ஏறி மிதிச்சா லேசா இடது பக்கமா இழுத்துக்கினு போவுது. கியரைக் குறைச்சி, கை பிரேக்க இழுத்து, ஓரத்துல இருந்த மண்மேட்டுல மூக்கைக் குத்தி நிறுத்தினேன். வியர்வை நெத்தியிலருந்து முட்டி வரைக்கும்.

செல்வி இந்தத் தடவை கண்ண மூடல. மூக்கைத்தான் உறிஞ்சினா.

"ஏங்க, மலைமேல எவனாவது வடைக்கடை போட்டிருக்கானா?"

இறங்கிப் பாத்தோம். முன் சக்கரம் ரெண்டுலயும் புகை. சக்கரத்துல செக்கச்செவேல்னு குங்குமம் தெறிச்சி, ஏதோ பலி குடுத்த இடம் மாதிரி இருந்துச்சு. செல்வி குனிஞ்சி இன்னொரு தடவை மோந்து பாத்தா.

"இது நம்ம வூட்டு நல்லெண்ணெய்ங்க."

நான் ரஃபீக் பாய்க்கு போன் போட்டேன்.

"எண்ணெய்லியா கொழச்சீங்க?" பாய் போன்ல கத்தினார். "தண்ணிக் குங்குமம், ரெண்டு மிதியில பறந்துடும்னு இல்ல நெனச்சேன்! சாமி பொட்டாச்சேன்னு நானும் துடைக்கல. நீங்க வேற தொடாதேன்னீங்க. பேடு எண்ணெய்ய குடிச்சிருக்கும்ணே, அது இனிமே ஆவாது. வண்டிய அங்கியே வுடுங்க. ஓட்டாதீங்க. காத்தால நான் வரேன்."

அந்த நேரம் பாத்து பின்னால பஸ் வந்து நின்னுச்சு. கண்டக்டர் தலைய நீட்டி மோந்து பாத்தார்.

"நர்ஸம்மா, நீங்க ஏறுங்க. அவரு சமைச்சி முடிச்சிட்டு வரட்டும்."

பஸ்ஸே சிரிச்சுது. செல்வி சிரிக்கல. சக்கரத்துக்குக் கல்லு வெச்சிட்டு நானும் பின்னாலயே ஏறினேன். ஜன்னலோரம் அவ, பக்கத்துல நான். மூணு வளைவு தாண்டிச்சு. எனக்குத் திங்கக்கிழமைதான் கண்ணு முன்னாடி நிக்குது.

திடீர்னு அவ தோள் குலுங்குச்சு. அழறாளோன்னு பயந்து திரும்பினேன். முந்தானைய வாயில வெச்சிக்கினு சிரிக்கிறா! அவ அப்படி சிரிச்சி நான் பாத்து எத்தினி காலமாச்சு!

"பேடுக்குமாங்க வெச்சீங்க?"

"நடுவுல ஒண்ணு. பெருசா."

இன்னும் கொஞ்சம் சிரிச்சா. அப்புறம் கண்ணைத் துடைச்சிக்கினு சொன்னா: "குவாட்டர்ஸுக்கு எழுதிக் குடுக்கப் போறதில்ல. உங்களைத் தனியா வுட்டா, அடுத்து ரேடியேட்டர்ல பாலபிஷேகம் பண்ணுவீங்க. வண்டி சரியாவுற வரைக்கும் ரெண்டு பேரும் பஸ்லியே போயிட்டு வரலாம்."

மறுநாள் ரஃபீக் பாய் டிஸ்க்கைச் சுத்தம் பண்ணி, கழட்டி வெச்சிருந்த பழைய பேடையே மாட்டி, காரை மெதுவா இறக்கிக்கினு வந்தார். நான் புது பேட வாங்கிக்கினு போயி நீட்டினேன். அவர் கை நீட்டல.

"இது உங்க வூட்டுக்குப் போயிட்டு வருதா, நேரா கடையிலருந்து வருதா?"

"நேரா கடையிலருந்துதான் பாய். வழியில ஒரு பிள்ளையார் கோயில் இருந்துச்சு, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல."