குரக்கன் கஞ்சி இனித்த காரணம்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
செவ்வாய்க்கிழமை.

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய சம்பந்தி பாக்கியரத்தினம் அவர்களுக்கு,

சின்னராசா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கோணேசர் அருளால் இங்கு நானும் மனைவி தயாளினியும் மகள் கீர்த்தனியும் சுகம். அங்கு நீங்கள் சுகமில்லை என்று அறிந்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சம்பந்தம் பேசிச் சாப்பிட்டுப் போன மறுநாள் காலை உங்கள் இரத்தத்தில் சீனி முந்நூற்றிருபது காட்டியதாகவும், டொக்டர் குளிசையைக் கூட்டப்போவதாகவும் மாப்பிள்ளை யதுர்சன் கீர்த்தனியிடம் சொன்னாராம். அதற்குக் காரணம் நான். தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் வாழைச்சேனை பஸ் கொண்டக்ரர் றம்ஸானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான்கு மாதத்துக்கு முன் எனக்கும் சீனி வருத்தம் என்று சொன்னார்கள். துறைமுகக் களஞ்சியத்தில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்று, கட்டளையிட ஆளில்லாமல் தவித்த எனக்கு அது பதவி உயர்வு மாதிரி வந்து சேர்ந்தது. அன்றே வீட்டில் சீனி, சோடா, பொலித்தீன், பிளாஸ்ரிக் போத்தல் எல்லாவற்றையும் தடைசெய்து குசினிச் சுவரில் அறிவித்தல் ஒட்டினேன். சந்தையில் யார் பொலித்தீன் பை வாங்கினாலும் மறித்துப் பிரசங்கம் செய்வேன். மரக்கறிக் கடை ஸெய்னுதீன் நானா இப்போது என் தலை தெரிந்ததும், நான் வாயைத் திறக்குமுன்பே என் துணிப்பையை வாங்கி நிரப்பி, கும்பிடாத குறையாக அனுப்பிவைக்கிறார். அதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் வருவதாக அறிவித்ததும் தயாளினி, "இஞ்சேருங்கோ, முதல்முதலா வாற சம்பந்தி வீட்டார். கேக்கும் சோடாவும் வைப்பம். உங்கட கஞ்சியை அவையளுக்குக் காட்டாதேங்கோ" என்றாள். நான் கேட்கவில்லை. வாழையிலை, மண்குடத்துத் தண்ணீர், வல்லாரைச் சம்பல், குரக்கன் கஞ்சி என்று தீர்மானித்தேன். இளநீருக்குப் பிளாஸ்ரிக் குழாய் கூடாதென்று பப்பாசி இலைத் தண்டை வெட்டி வைத்ததும் நான்தான். அதில் உதட்டை அரிக்கும் பால் கசியும் என்பது எனக்குத் தெரியாது. உங்கள் அக்கா சாப்பாடு முடியும்வரை உதட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தது வெட்கத்தினால் அல்ல. அவவிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும்.

இனித்தான் விசயம். உங்கள் வான் வாசலில் வந்து நிற்கும்போது நான் குசினியில் கஞ்சியை ருசி பார்த்தேன். ஈரச் சாக்கை அவித்த மாதிரி இருந்தது. இதைக் குடித்தால் சம்பந்தம் இந்தக் கோப்பையோடு முடிந்தது என்று நினைத்தேன். அலுமாரியில் என் வேட்டிகளுக்குப் பின்னால் தித்திக்கும் கெட்டிப்பால், இரண்டு ரின்பால் இருந்தது. ஓம், சீனியை ஒழித்தவன் ஒளித்து வைத்தது. பின்னேரங்களில் ஒரு கரண்டி, சில நாள் இரண்டு. இரண்டு ரின்னையும் உடைத்துக் கஞ்சிக்குள் ஊற்றிவிட்டேன்.

நீங்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி போடாமலே இப்பிடி இனிக்குதே, அதென்ன?" என்று கேட்டீர்கள்.

"நல்ல குரக்கன் அப்பிடித்தான் இனிக்கும்" என்று சொன்ன பாவி நான்.

"அப்ப இன்னும் ஊத்துங்கோ. எனக்கும் சீனி வருத்தம்தானே, பயமில்லாமல் குடிக்கலாம்" என்றீர்கள். நான்கு கோப்பை. நாலாவதை என் கையாலேயே ஊற்றினேன்.

பிடிபட்டதும் என் நல்ல பழக்கத்தால்தான். வெறும் ரின்னைக் குப்பையில் எறிய மனம் வராமல், கழுவி, மண் நிரப்பி, கிணற்றடியில் வல்லாரை நட்டு வைத்தேன். லேபலைக் கிழிக்க மறந்துபோனேன். நேற்று உங்கள் செய்தி வந்த கையோடு தயாளினி இரண்டு ரின்னையும் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் மேசையில் வைத்தாள். "நீங்கள் எழுதுறியளோ, நான் ரெலிபோன் எடுக்கட்டோ?" என்றாள். கீர்த்தனி ஏசவில்லை. "அப்பா, மாமாவுக்கு ஏதும் நடந்திருந்தால் நான் எந்த முகத்தோட அந்த வீட்டுக்குப் போறது?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அந்த ரின்னுக்குள் இறங்கி ஒளிய வேண்டும்போல் இருந்தது.

ஆகவே இந்தக் கடிதத்தை டொக்டரிடமே காட்டுங்கள். குளிசையைக் கூட்டுவதா என்று அவர் உண்மை தெரிந்து முடிவெடுக்கட்டும். கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் காரியத்தில் கைவைக்க வேண்டாம். கலியாணப் பந்தியில் உங்கள் இலையில் தயாளினி சொல்வதை மட்டுமே வைப்பேன் என்று சத்தியம் செய்கிறேன்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். அதற்கு நான் இடைஞ்சல் செய்யாமல் இருக்க வேண்டும்.

தலைகுனிந்து,
க. சின்னராசா

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் மனைவி எங்கள் தயாளினிக்குத் தொலைபேசி எடுத்தா. ஞாயிறு திரும்பும் வழியில் நீங்கள் மூதூரில் வானை நிறுத்தி, ஸாலிஹா என்பவரின் கடையில் கருப்பட்டி சொட்டும் வட்டிலப்பம் ஐந்து துண்டு சாப்பிட்டீர்களாம். அதை யாருக்கும் சொல்லக்கூடாதென்று சத்தியமும் வாங்கினீர்களாம். எனவே மேலே கேட்ட மன்னிப்பில் பாதியைத் திருப்பி அனுப்பவும். டொக்டரிடம் காட்டும்போது இந்தப் பக்கத்தையும் மறைக்காமல் காட்டவும். அந்தக் கடை மூதூரில் எந்தப் பக்கம் என்று றம்ஸானிடம் சொல்லி அனுப்பினால் போதும், எழுத்தில் வேண்டாம்.