துரை வெளியே போக வேண்டுமாம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, நாய் துரை மூவரும் சுகம். வீட்டில் உள்ள மரியாதைப்படி வரிசையை மாற்றினால் நான் கடைசியில் வர வேண்டும். எழுதுகிறவன் நான் என்பதால் ஒரு சின்ன சலுகை எடுத்துக்கொண்டேன். அங்கே அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்பி, வெட்கத்தை விட்டு ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். துரை இப்படிப் பேசுகிறது, அப்படிப் பேசுகிறது என்று உங்கள் தங்கை இரண்டு மாதமாகப் போனில் பூரித்துப் பூரித்துச் சொல்கிறாளே, அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூடத் துரை பேசியது இல்லை. அத்தனையும் நான்.

போன தடவை நீங்கள் பாசத்தோடு கொடுத்துவிட்டுப் போன பேசும் பொத்தான்கள்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஒரு பாய், அதன் மேல் ஆறு வட்டப் பொத்தான்கள். வெளியே, பசி, தண்ணி, விளையாடு, தூக்கம், போதும் என்று ஆறு வார்த்தைகளையும் உங்கள் தங்கை தன் குரலிலேயே பதிந்து வைத்தாள். சோறு போடும் முன் ‘பசி’யை அழுத்திக் காட்ட வேண்டும், கூட்டிப் போகும் முன் ‘வெளியே’யை அழுத்திக் காட்ட வேண்டும், மூன்று வாரத்தில் நாய் தானாக அழுத்தும் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது. அண்ணன் கொடுத்தது வீணாகக் கூடாது என்று அவளும் பள்ளிக்கூடம் நடத்துவது போல விடாமல் அழுத்தினாள். துரை பாயை மோந்து பார்த்தது. ஒரு நாள் அதன் மேலேயே ஏறிப் படுத்தது. பசி, தண்ணி, போதும் மூன்றும் ஒரே நேரத்தில் வயிற்றுக்கு அடியிலிருந்து கத்தின, அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அதன் பேச்சு வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

என் கதைக்கு வருகிறேன். கண்ணாடிக் கடையில் பகல் முழுக்க ‘இந்த எழுத்து தெரியுதா, இப்போ தெரியுதா’ என்று ஊரார் கண்ணைப் பார்த்துக் கேட்டுவிட்டு வருகிறவன் நான். எனக்கு இருந்த ஒரே சுகம் சாயங்காலம் தெருமுனை பேக்கரியில் ஒரு கிரீம் பன். ஷுகர் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னதும் அதற்குப் பூட்டு விழுந்தது. பூட்டு என்றால் நிஜமாகவே பூட்டு. நான் கடையிலிருந்து வந்ததும் உங்கள் தங்கை என் செருப்பை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். இப்படி இருக்கையில் ஒரு நாள் டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டு ஹாலில் நடந்தவன், தெரியாத்தனமாக ஒரு பொத்தானை மிதித்துவிட்டேன். ‘வெளியே’ என்றது பாய். சமையலறையிலிருந்து உங்கள் தங்கை கரண்டியோடு ஓடி வந்தாள். நான் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், துரை சோபாவுக்கு அடியில் கிடக்கிறது. அவள் என் காலைப் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர்.

“என்னங்க, வாயத் தொறந்து கேட்டுடுச்சுங்க. நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க, கூட்டிட்டுப் போங்க.”

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தேன், அதற்குள் ஒரு கையில் சங்கிலியும் இன்னொரு கையில் என் செருப்பும் வந்துவிட்டன. செருப்பைப் பார்த்ததும் உண்மை தொண்டையோடு நின்றுவிட்டது. பேக்கரியில் பாதி பன் தின்று, கிரீம் இல்லாத ஓரத்தைச் சாட்சிக்கு ஊட்டிவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

மறுநாளிலிருந்து தொழில் சூடு பிடித்தது. முதலில் தவழ்ந்து போய்க் கையால் அழுத்திக்கொண்டிருந்தேன்; முழங்கால் சொடுக்குப் போட்டுக் காட்டிக்கொடுக்கும் போலிருந்ததால், சோபாவில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டு கால் கட்டைவிரலால் அழுத்தக் கற்றுக்கொண்டேன். கெட்ட பழக்கம் ஒன்றோடு நிற்குமா. டிவி தொடரில் மாமியாரும் மருமகளும் முறைத்துக்கொள்ள ஆரம்பித்தால் ‘தூக்கம்’. பாவம், அதுக்குக் கண்ணு கூசுது என்று அணைத்துவிடுவாள். இருபத்தேழு வருடமாக நான் கெஞ்சிக் கேட்டு நடக்காதது, நாய் ஒரு தடவை கேட்டு நடந்தது. மேல்மாடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். வந்து உட்கார்ந்தால் தான் எழுதிய பாடத்திட்டத்தை முதல் பக்கத்திலிருந்து சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். அவருக்கு ‘போதும்’. முதல் தடவை முகம் சுண்டிப் போனவர், மறுநாள் நாயின் அறிவைச் சோதிக்க வேண்டும் என்று நோட்டும் பேனாவுமாக வந்துவிட்டார். துரை அவருடைய பாதத்தின் மேலேயே தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது, எனக்கோ பேக்கரி மூடுகிற நேரம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, பேப்பருக்குப் பின்னாலிருந்து அழுத்திவிட்டேன். ‘வெளியே’ என்றது பாய். தலைமையாசிரியர் தன் பாதத்தையும் பாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘தூக்கத்துலயே பேசுது’ என்று பயபக்தியோடு நோட்டில் குறித்துக்கொண்டார். உங்கள் தங்கை இருமல் வந்ததென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இவ்வளவும் விளையாட்டு. வினை போன வாரம் வந்தது. உங்கள் தங்கை ஒரு காலண்டரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். ஒவ்வொரு நாளும் துரை எத்தனை முறை ‘வெளியே’ கேட்டது என்று கட்டத்துக்குள் கோடு போட்டு வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் கோடு வைக்கவே இடம் இல்லை.

“மூணாவது மாடியில அடைச்சு வெச்சிருக்கோம், அது ஏங்கிப் போயிடுச்சுங்க. நான் ஒரு வீடு பாத்திருக்கேன். கீழ்வீடு, சுத்திலும் தோட்டம். ஒரு வாரம் கழிச்சு வர்ற திங்கக்கிழமை பத்திரத்துல கையெழுத்துப் போட்டுடலாம்.”

வீடு எங்கே தெரியுமா மச்சான். பேருந்து கடைசியாக நிற்கும் இடத்தில் இறங்கி, அதற்கு மேலும் நடக்க வேண்டும். இப்போது ஐந்து நிமிடத்தில் கடைக்குப் போகிறவன், இனி விடியுமுன் எழுந்து இரண்டு பேருந்து மாற வேண்டும். அந்தப் பக்கம் பேக்கரியே கிடையாது, விசாரித்துவிட்டேன். இவள் ஏற்கனவே போய், எந்த மூலையில் ரோஜா, எந்த ஓரத்தில் கீரை என்று தப்படி வைத்து அளந்துவிட்டு வந்திருக்கிறாள். பயந்து போய் அன்றோடு பொத்தானைத் தொடுவதை நிறுத்தினேன். நாய் பேச்சை நிறுத்தினால் தோட்டத்தையும் மறந்துவிடுவாள் என்று கணக்கு. மூன்றாம் நாள், “பேசறதையே விட்டுடுச்சு, மனசு ஒடிஞ்சு போச்சு, கையெழுத்துப் போட்ட அன்னிக்கே மாறிடலாம்” என்கிறாள்.

நேரே ஒப்புக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். நேற்று அதற்குத்தான் ஹாலுக்குப் போனேன். துரையின் தலையைத் தடவிக்கொண்டு, “உனக்கு வேணுங்கறதை நீயாவது வாய விட்டுக் கேட்டே. இந்த வீட்டுல இன்னொருத்தர் இருக்கார், என்ன வேணும்னு நேரா கேக்கவே மாட்டார்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் எந்த முகத்தோடு ஒப்புக்கொள்வது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

ஆகவே மச்சான், உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை. இந்தக் கடிதம் கண்டவுடன் அவளுக்கு ஒரு போன் போடுங்கள். அந்தப் பொத்தான்களில் கோளாறு இருக்கிறதாம், பேட்டரி இறங்கினால் தானாகவே ‘வெளியே, வெளியே’ என்று கத்துமாம், வாங்கினவர்கள் எல்லோரும் திருப்பிக் கொடுக்கிறார்களாம் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டாள். நீங்கள் சொன்னால் எதையும் நம்புவாள். வரும் திங்கட்கிழமைக்குள் நடக்க வேண்டும். படித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடவும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லோரும் பல்லாண்டு, ஷுகர் இல்லாமல், நினைத்ததைத் தின்று வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கைக்கு வாழ்க்கைப்பட்டவன்

பின்குறிப்பு: போன் போட வேண்டாம். இதைப் போட்டு ஒட்ட உறை தேடி உங்கள் தங்கையின் மேசை இழுப்பறையைத் திறந்தேன். அடியில் கால்நடை மருத்துவரின் சீட்டு ஒன்று கிடந்தது. போன வருடத்துச் சீட்டு, நீங்கள் பொத்தான்களைக் கொண்டுவருவதற்கு ஏழு மாதம் முந்தையது. ‘இரண்டு காதும் அறவே கேட்காது, கையை ஆட்டிக் கூப்பிடவும்’ என்று எழுதியிருக்கிறது. படித்துத் தெரிந்துகொண்டேன் என்று கீழே உங்கள் தங்கை கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.