படித்துவிட்டுச் சம்மதித்த ஷரத்து அக்கா

கம்ப்யூட்டரில் எதைத் திறந்தாலும் ‘எல்லா நிபந்தனைகளையும் படித்தேன், சம்மதிக்கிறேன்’ என்று ஒரு சின்னக் கட்டம் வரும். மனித குலம் மொத்தமும் அந்தக் கட்டத்தில் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொல்லாத ஒரே ஜீவன் நீடாமங்கலத்தில் இருக்கிறார். நிபந்தனை என்று நாம் சொல்வதை அவர் பழைய பத்திர பாஷையில் ‘ஷரத்து’ என்பார். அதனால் தெருவுக்கே அவர் ஷரத்து அக்கா.

அவர் வீட்டு மாடியில் மூன்று வருஷம் குடியிருந்தேன். அக்கா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவருக்கு விவசாயம். வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர், கூடத்தில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் பூப்போட்ட உறையோடு இருந்தது.

குடிபோன அன்று வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கீழே இறங்கிப் போனேன்.

“மேல போங்க தம்பி, மெயில்ல வரும்” என்றார்.

எங்களுக்கு நடுவே பதினாறு படிக்கட்டுதான். ஆனாலும் மெயில்தான் வந்தது, பதினொரு பக்கம். கடைசிப் பக்கத்துக்குத் தாவி, மவுஸால் கோழி கிளறிய மாதிரி ஒரு கையெழுத்தைப் போட்டு அனுப்பினேன். இரண்டே நிமிஷத்தில் படிக்கட்டடியில் குரல்.

“தம்பி, ஆறாவது ஷரத்துல என்ன இருக்கு?”

“எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா.”

“என்ன இருக்குன்னு கேட்டேன்.”

கையெழுத்து ரத்தாகி, ஒப்பந்தம் மறுபடி வந்தது. அப்போதுதான் ஆறாவது ஷரத்தைப் படித்தேன். தென்னை மட்டை என் தலையில் விழுந்தால் அது இயற்கைச் சீற்றமாகக் கருதப்படுமாம்.

பிரிண்டர் வாங்கியபோது, அதை ஓட விடுவதற்கு முன் வரும் நிபந்தனைகளைப் படிக்க அவருக்கு இரண்டு நாள் ஆனது. நாற்றங்காலிலிருந்து சேற்றுக் காலோடு வந்த கணவர் வாசலில் நின்றபடி, “சாப்பாடு ஆச்சா?” என்றார்.

“ஒம்பதாவது ஷரத்துல இருக்கேன். கொழம்பு அடுப்பு மேல இருக்கு.”

பதினான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியம் முடியாமல் அந்தரத்தில் நிற்கிறது என்று அந்தக் கம்பெனிக்கு எழுதிப் போட்டார். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று தானாக ஒரு பதில் வந்தது. ‘கருத்து அல்ல, பிழை’ என்று திருப்பி எழுதினார். அதற்கும் நன்றி வந்தது. ஒரு வாரம் இருவரும் விடவில்லை.

“ஏங்க்கா இவ்வளவு கஷ்டப்படுறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னார். “எங்க அப்பா கூலி வேல பாத்தவரு. யாரு பேப்பர நீட்டினாலும் கட்டைவிரல நீட்டிடுவாரு. குடியிருந்த மனை அப்படித்தான் போச்சு. எனக்குப் படிக்கத் தெரியும்ல தம்பி.”

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

என் முதல் புத்தகத்தைப் போட ஒரு பதிப்பகம் முன்வந்ததும் அந்த வீட்டில்தான். நாலு இடத்தில் திரும்பி வந்த கதைகள் அவை. ஒப்பந்தம் மெயிலில் வந்தது. மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் லிங்க் காலாவதி. அன்றைக்கென்று பார்த்து என் லேப்டாப் கண்ணை மூடிவிட்டது. கையில் இருந்ததோ பட்டன் போன். வேறு வழியில்லாமல் கீழே ஓடினேன்.

“என் கம்ப்யூட்டர்லேருந்து படிக்காத கையெழுத்து போகாது” என்று கண்ணாடியை மாட்டினார் அக்கா.

மணி மூன்று. தெருமுனை ரயில்வே கேட் மூடித் திறந்து, மறுபடி மூடியது. அக்கா பத்தாவது ஷரத்தில் இருந்தார்.

“அஞ்சு மணியோட லிங்க் போயிடும்க்கா.”

“அவசரப்படுத்துற பேப்பர்லதான் தம்பி நிதானமா இருக்கணும்.” பிறகு திரும்பிப் பார்த்தார். “நீங்க பாடுவீங்களா?”

“இல்லையே.”

“பதினெட்டாவதுல, ஒலிப்பதிவுக்கு ஏழு நாள் முன்னாடியே நீங்க தயிர், ஐஸ்கிரீம் சாப்புடக் கூடாதுன்னு போட்டிருக்கு.”

யாரோ பாடகருக்குப் போட்ட ஒப்பந்தத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். “தயிர்தானேக்கா, விட்டுட்டாப் போச்சு” என்றேன்.

“அடுத்தது அப்படி விடற மாதிரி இல்ல.”

நான் வாழ்நாளில் இனி எழுதப்போவது எல்லாமே அவர்களுக்குச் சொந்தம் என்றது பத்தொன்பதாவது. எனக்கு அப்போது அதுவும் சம்மதம்தான். என் கை மவுஸுக்குப் போனது. அக்காவின் கை ஏற்கெனவே அதன்மேல் இருந்தது.

இரண்டையும் நீக்கக் கேட்டு என் பெயரில் அவரே ஒரு கடிதம் தயாரித்தார். அனுப்பியபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது.

பதிப்பகத்திலிருந்து ஒன்பது நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாளே புத்தகம் போச்சு என்று முடிவு கட்டி, அக்காவோடு பேசுவதை நிறுத்தினேன். ‘மோட்டார் போடவும்’ என்று மெயிலில் எழுதினேன். ‘போட்டாச்சு. பதில் ஏதும் வந்ததா?’ என்று கேட்டார். நான் பதில் எழுதவில்லை.

பத்தாம் நாள் காலை அவர் கணவர் படியேறி வந்தார். அந்த மூன்று வருஷத்தில் அவர் மாடிக்கு வந்தது அன்று மட்டும்தான்.

“ஏதாச்சும் தகவல் வந்துச்சா தம்பி? நாலு நாளா அவ எதையுமே படிக்கல. கல்யாணப் பத்திரிகை வந்துது, அதக்கூடப் பிரிக்கல.”

அன்று மத்தியானம் நானே கீழே போய், “மன்னிச்சுக்குங்கக்கா” என்றேன். “புத்தகம் வரட்டும், அப்பறம் பாப்போம்” என்றார்.

மறுநாள் பதில் வந்தது. வேறு ஒப்பந்தம் கலந்துவிட்டது, வருந்துகிறோம், இரண்டும் நீக்கப்பட்டன, இதோ புது லிங்க் என்று நாலே வரி. கத்திக்கொண்டே கீழே ஓடினேன். அக்கா முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். போனுக்கு வந்த ஓடிபி இரண்டு முறை செத்து, மூன்றாவதுதான் பிழைத்தது. நான் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக் கட்டத்தில் அக்கா தன் முழுப்பெயரை, அப்பா பெயரோடு, எழுத்து எழுத்தாக மவுஸால் வரைந்தார்.

இப்போது தஞ்சாவூரில் இருக்கிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏதாவது கையெழுத்துக்கு வந்தால் போன் போடுவேன்.

“அக்கா, ஒரு ஷரத்து புரியல.”

“மெதுவாப் படிங்க தம்பி, கேக்குறேன்.”

படிப்பேன். அவர் விளக்குவார். ஒன்று மட்டும் இதுவரை அவரிடம் சொன்னதில்லை. எனக்குப் புரியாத ஷரத்து என்று எதுவும் வந்ததே இல்லை.